முப்பத்தொரு புகார்

எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு போட்டோ ஸ்டூடியோ. மூடி ஆறேழு வருஷம் ஆகிறது. ஷட்டர் துருப்பிடித்துப் போனாலும் முன்னால் மூன்று அகலமான படிகளும் மேலே ஒரு தகரக் கூரையும் இருந்தன. மழைக்கு நனையாது. அப்படி ஓர் இடம் சும்மா கிடந்தால் யாராவது வந்து படுக்காமல் இருப்பார்களா? ஒருத்தி வந்து படுத்தாள்.

காலை எட்டு மணிக்கு வருவாள். அட்டைப் பெட்டியை விரித்து, தலையோடு கால் போர்த்திக்கொண்டு படுத்தால் சாயங்காலம் நாலு மணிவரை அசையமாட்டாள். ஊரே வேலைக்கு ஓடுகிற நேரத்தில் இவள் மட்டும் தூங்குவாள். அவளுக்குக் கும்பகர்ணி என்று பெயர் வைத்தேன்.

என்னோடு என் தங்கச்சி இருக்கிறாள். அவளுக்கு அறுபத்திரண்டு வயசு. மூட்டு வலி, வாய்க்கு மட்டும் எந்த வலியும் இல்லை. ஒரு நாள் கேட்டாள்: "அண்ணே, பகலெல்லாம் இங்க தூங்குறாளே, ராத்திரி எங்க போறா?"

"ராத்திரி எங்க போறான்னு கேட்டா அசிங்கமாத்தான் பதில் வரும். உன் வேலையப் பாரு" என்றேன்.

நான் யாரையும் சட்டென்று நம்புகிறவன் இல்லை. பஸ் பணிமனையில் முப்பத்தாறு வருஷம் பிரேக் பார்த்தேன். சரியாக இருக்கிறது என்று டிரைவர் சொன்னாலும் சரி, மேஸ்திரி சொன்னாலும் சரி, நானே வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், ஆனால் புரியும்.

இந்த நகரம் வீடில்லாதவர்களை எப்படிக் கவனிக்கிறது என்று ஜன்னலில் உட்கார்ந்து எல்லாம் பார்த்தாயிற்று. முதலில் தண்ணீர். தெருவைக் கழுவுகிறோம் என்று ஒரு வண்டி வரும். தெருவை விட்டுவிட்டு ஆள் படுத்திருக்கிற படியை மட்டும் கழுவிவிட்டுப் போகும். அப்புறம் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் நடுவே இரும்புக் கம்பி வைத்தார்கள், யாரும் படுக்கக் கூடாதாம். என் தங்கச்சி மாதிரி அகலமான ஆட்கள் உட்காரவும் முடியாமல் போனதுதான் மிச்சம். குளிர் காலத்தில் ஒரு நாள் போர்வை கொடுத்தார்கள். ஒருத்தர் கொடுக்க, ஒன்பது பேர் போட்டோவுக்கு நின்றார்கள். மறுநாள் குப்பை வண்டி வந்து அதே போர்வைகளை அள்ளிக்கொண்டு போயிற்று. கேட்டால் போர்வை ஒரு பிரிவாம், குப்பை வேறு பிரிவாம்.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்தவன்தான் நானும். ஆனால் புகார் எழுதினதும் நான்தான். ஒருத்தி வந்தால் நாளைக்குப் பத்துப் பேர் வருவார்கள் என்று ஒரு பயம். அது பாதி காரணம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை. அது மீதி.

வார்டு ஆபீசில் புகாருக்கு ஒரு படிவம் உண்டு. அதில் நாலு கட்டம்: நடைபாதை இடைஞ்சல், சுகாதாரக் கேடு, குடித்து ரகளை, மற்றவை. முதல் மூன்று தடவையும் நியாயமாக ‘மற்றவை’யில் கோடு போட்டு, ‘ஒரு பெண் தினமும் படியில் தூங்குகிறாள்’ என்று எழுதினேன். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. நாலாவது தடவை அங்கே புகார் வாங்குகிற குமாஸ்தாவே குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பெரியவரே, ‘மற்றவை’ன்னா நாங்க திறந்தே பாக்கறதில்ல. தூங்குறாங்கன்னு எழுதினா யாருங்க வருவா? ரகளைல ஒரு டிக் போடுங்க. மூணே நாள்ல வண்டி வரும்."

போட்டேன். மூன்றாம் நாள் தண்ணீர் வண்டி வந்தது. ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? மாதத்துக்கு இரண்டு, சில மாதம் மூன்று. டிக் போட்டால் கீழே நாலு வரி விவரம் எழுத வேண்டும். எழுதினேன். குடித்தாள், கத்தினாள், பாட்டிலை உடைத்தாள் என்று கை போன போக்கில் போயிற்று. உண்மையில் அவள் இருமினதுகூட என் காதில் விழுந்ததில்லை.

போன மாதம் ஒரு பகல் பொழுதில் கதவு தட்டப்பட்டது. சின்ன வயசுப் பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு கோப்பு, காலில் குதி தேய்ந்த செருப்பு. நகராட்சியில் வீட்டு வசதிப் பிரிவாம்.

"ஓட்டுக் கேக்கவா, ஊசி போடவா?" என்றேன்.

"ரெண்டும் இல்லைங்க ஐயா. உங்க எழுத்தைப் பத்திப் பேச வந்தேன்."

"நான் என்ன கதையா எழுதறேன்?"

"முப்பத்தொண்ணு எழுதியிருக்கீங்களே" என்று கோப்பைத் திறந்தாள். என் கோழிக் கிளறல் முழுவதும் அதில் வரிசையாகக் குத்தி வைத்திருந்தது.

விஷயம் இதுதான். பழைய டெலிபோன் ஆபீஸ் கட்டடத்தில் நாற்பது அறை கட்டியிருக்கிறார்களாம். தெருவில் இருக்கிறவர்களுக்குத் தனித்தனி அறை. ஆனால் ஒரு நிபந்தனை. இந்த வார்டில் ஒரு வருஷத்துக்குக் குறையாமல் இருந்ததற்கு, தேதியும் முத்திரையும் உள்ள அரசாங்கக் காகிதம் வேண்டும்.

"வீடே இல்லாதவ வீட்டு விலாசத்துக்கு எங்க போவா? எந்தப் புத்திசாலி போட்ட சட்டம் இது?" என்றேன்.

"எனக்கு மேல இருக்கற புத்திசாலிங்க" என்று அந்தப் பெண் சிரித்தாள். "ஆனா உங்க எதிர்ல படுத்திருக்கற அம்மாவுக்கு அந்தக் காகிதம் இருக்குங்க. பதினாலு மாசமா அவங்க அந்தப் படியிலதான் இருந்தாங்கன்னு தேதி போட்டு, சீல் வெச்சு, ஒரு மாசம்கூட விடாமப் பதிவாயிருக்கு. அது உங்க புகார்தான்."

தங்கச்சி முதலில் வாயைப் பிளந்தாள். அப்புறம் மூட்டு வலியையும் மறந்து தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். "அடப்பாவி அண்ணே! திட்டித் திட்டியே அவளுக்கு ஒரு விலாசம் வாங்கிக் குடுத்துட்டியே!"

"இருங்கம்மா, இன்னொண்ணு இருக்கு" என்றாள் அந்தப் பெண். "குடிச்சு ரகளை பண்றவங்கன்னு பதிவு இருந்தா ரூம் கிடையாது. முப்பத்தொண்ணுல இருபத்தெட்டுல டிக் இருக்கு. ஐயாதான் வந்து சொல்லணும், அவங்க உண்மையிலேயே ரகளை பண்ணாங்களா இல்லையான்னு. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. அன்னிக்கு விட்டா இந்தப் பட்டியல் மூடிடுவாங்க. அடுத்தது எப்பன்னு யாருக்கும் தெரியாது. ஸ்டூடியோவையும் இந்த மாசக் கடைசில இடிக்கப் போறாங்க."

"நான் எழுதினது எழுதினதுதான்" என்று எழுந்துவிட்டேன்.

அவள் போன பிறகு தங்கச்சி பிடித்துக்கொண்டாள். "அவ குடிச்சு நீ பாத்தியா?"

"பாக்கல."

"கத்திக் கேட்டியா?"

"கேக்கல. அதுக்காக? ஆபீசுல போய் நான் பொய் சொன்னவன்னு என் வாயாலயே சொல்லணுமா? முப்பத்தாறு வருஷம் என் கையெழுத்தை நம்பி ஊரே பஸ்ஸுல போச்சு."

"அதே கையெழுத்துதானே அண்ணே இதுலயும் இருக்கு?"

அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் நாலு மணிக்குக் கும்பகர்ணி எழுந்து போர்வையை மடிக்கும்போது நான் தெருவைக் கடந்து போனேன். யாரோ வந்து சொன்னால் ஆயிற்றா? நானே பார்க்க வேண்டும். பக்கத்தில் போனதும் சாராய நாற்றம் வருமென்று மூக்கைத் தயாராக வைத்திருந்தேன். வந்தது பிளீச்சிங் பவுடர் வாடை. ஐம்பது வயசு இருக்கும். கை விரல்கள் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்து, தோல் வெடித்திருந்தது.

"நீங்கதானா அந்த ஜன்னல்?" என்றாள்.

"நான்தான். நீ ராத்திரில எங்க போறே?"

"ஆஸ்பத்திரி லாண்டரிக்கு. ராத்திரி எட்டுலருந்து காலைல ஆறு வரைக்கும். ரத்தத் துணி, சீழ்த் துணி எல்லாம் என் கை வழியாத்தான் வெள்ளையாகும்."

"வேலை இருக்குதுல்ல? வாடகைக்கு ஒரு ரூம் பாத்துக்கறது."

"பாக்காமலா இருந்தேன்? இருந்த வீட்டை ரோட்டை அகலமாக்கறோம்னு இடிச்சாங்க. அப்புறம் பதினேழு வீடு பாத்தேன் பெரியவரே. தனியா இருக்கற பொம்பளை, ராத்திரில வெளிய போறா, காலைல வர்றான்னா என்ன நெனைப்பாங்க? நீங்க நெனைச்சதையேதான் அவங்களும் நெனைச்சாங்க."

போர்வையைப் பைக்குள் திணித்துக்கொண்டே மேலே பேசினாள். "பதினாலு மாசமா ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்துதான் தூங்கறேன். எவன் வருவான், எது போகும்னு பயம். இதுல கும்பகர்ணின்னு பேர் வேற."

"யாரு சொன்னது?"

"உங்க தங்கச்சிதான். தினமும் நீங்க குளிக்கப் போற நேரமாப் பாத்து என் பாட்டில்ல தண்ணி ரொப்பிக் குடுப்பாங்களே, அப்ப சொல்லிச் சிரிச்சாங்க."

வீட்டுக்குள்ளேயே ஒற்றனை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை நாளும் ஜன்னலில் காவல் இருந்திருக்கிறேன்.

கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கெஞ்சவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள்: "நீங்க எழுதினது பொய்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூணாவது ஒருத்தருக்குத் தெரிஞ்சா எனக்கு ஒரு கதவு கெடைக்கும். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுட்டு ரெண்டு கண்ணையும் மூடுவேன். வந்தா வாங்க, வராட்டி போங்க."

என்ன திமிர் என்று முதலில் நினைத்தேன். திரும்பி வந்து ஜன்னலில் உட்கார்ந்த பிறகுதான், அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இதைவிடத் திமிராகப் பேசியிருப்பேன் என்று தோன்றிற்று.

வியாழக்கிழமை ஆட்டோ பிடித்துத் தங்கச்சியோடு போனேன். நீளமான ஒரு அறை. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் வழுக்கைத் தலை அதிகாரி. ஓரத்தில் ஒரு சின்ன மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால், நம்ம புகார் குமாஸ்தா. என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் சுண்டிப் போயிற்று. எதிரே ஒரு நாற்காலியில் கும்பகர்ணி. ராத்திரி வேலை முடித்து நேராக வந்திருந்தாள். கண் சொருகிக்கொண்டிருந்தது.

அதிகாரி என் புகார் ஒன்றை எடுத்துச் சத்தமாகப் படித்தார். "‘மேற்படி பெண் பாட்டிலை உடைத்து நடுத்தெருவில் நடனமாடினாள்.’ இது உங்க கையெழுத்தா?"

"என்னுதுதான்."

"ஆடுனாங்களா?"

"ஆடல."

"பாட்டில்?"

"பாட்டிலும் இல்ல. இருபத்தெட்டுல இருக்கற ரகளை எல்லாம் நான் கட்டி விட்டதுங்க. அந்தம்மா தூங்கினதுதான் உண்மை."

கும்பகர்ணி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"எதுக்கு இப்படி எழுதினீங்க?"

"தூங்குறான்னு மூணு தடவை எழுதினேன். நீங்க வரல. ரகளைன்னு எழுதினேன், வண்டி வந்துச்சு."

"இப்படி எழுதுங்கன்னு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

குமாஸ்தா மேஜைக்கடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். ஒரு வார்த்தை போதும், மனிதர் மாட்டிக்கொள்வார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "யாரு சொன்னா என்ன? எழுதின கை என்னுதுதானே" என்றேன்.

வழுக்கைத் தலை நாற்காலியில் சாய்ந்தது. அப்புறம்தான் போட்டார் ஒரு போடு. "சரி. நீங்க எழுதினதெல்லாம் பொய்னு நீங்களே சொல்றீங்க. அப்போ அவங்க பதினாலு மாசம் அங்க இருந்தாங்கங்கறதும் பொய்யாத்தானே இருக்கணும்? பொய்க் காகிதத்தை எப்படிச் சான்றா எடுத்துக்க முடியும்?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை கெட்டாலும் பரவாயில்லை, கூட இருக்கிறவளையும் சேர்த்தல்லவா கெடுத்துவிட்டது? வீட்டு வசதிப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்தவர் பேனாவை மூடினார்.

"ஐயா" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "பிரேக் பிடிக்கலன்னு ஒரு வண்டியைப் பத்தி எழுதறேன். பிரேக் நல்லாத்தான் இருக்கு, நான் எழுதினது பொய். அதுக்காக வண்டியே இல்லைன்னு ஆயிடுமா?"

நான் விடவில்லை. "நான் பொய்யன், ஒத்துக்கறேன். உங்க தண்ணி வண்டியும் பொய்யா? அத்தனை தடவை வந்து ஊத்துனாங்களே, ஆள் இல்லாத படிக்கா ஊத்துனாங்க?"

அப்போது குமாஸ்தா எழுந்தார். யாரும் கேட்காமலே உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தடித்த ஏடு.

"இது வண்டிப் பதிவேடு சார்" என்றார். "இது நம்ம ஆளுங்க எழுதினது. ஸ்டூடியோ படி, ஒரு பெண் அப்புறப்படுத்தப்பட்டார். பதினாலு மாசத்துல பத்தொன்பது தடவை. ஒரு தடவைகூட குடிச்சிருந்தாங்க, தகராறு பண்ணாங்கன்னு இல்ல. ‘அமைதியாக எழுந்து சென்றார்’னுதான் எழுதியிருக்காங்க."

ஏடு மூன்று பேர் கையிலும் மாறி மாறிப் போயிற்று. வழுக்கைத் தலை ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் பார்த்தார். சரிபார்க்கிற ஆள் என்றால் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. நல்லவர்தான் போலிருக்கிறது என்று அப்போதுதான் நினைத்தேன், அதுவும் அரை மனசாக.

"அறை கொடுக்கலாம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பொய்ப் புகார் கொடுத்ததுக்கு ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுக்கணும். ஒரு வருஷத்துக்கு உங்க புகார் எதுவும் இந்த ஆபீசுல எடுத்துக்க மாட்டோம்."

"ஒரு வருஷமா!" என்று தங்கச்சி அலறினாள். "எங்கண்ணன் மூச்சு விடறதுக்கு என்ன பண்ணுவாரு?"

வழுக்கைத் தலைகூடச் சிரித்துவிட்டது.

வாக்குமூலத்தைக் குமாஸ்தாவே எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். பின்னால் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள் என்று யாரோ முணுமுணுத்தார்கள். காத்திருக்கட்டும். நடுவில் ஒரு வரி: ‘வயது மூப்பினால் ஏற்பட்ட ஞாபக மறதியால் தவறாக எழுதிவிட்டேன்.’

"இது யாருக்கு மறதி?" என்றேன்.

"உங்களுக்கு ஒரு மரியாதையா இருக்கட்டுமேன்னு..." என்று குமாஸ்தா இழுத்தார்.

அந்த வரியை அடித்தேன். மேலே ‘தெரிந்தே பொய் எழுதினேன்’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை மதியம் சாவி கொடுத்தார்கள். தங்கச்சி பிடிவாதமாக என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மூட்டு வலிக்காரி இரண்டு மாடி ஏறினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் புதுச் சுண்ணாம்பு வாசம். பாதி அறைகளில் இன்னும் வேலை முடியவில்லை. நாற்பது அறைதான், இந்த வார்டில் மட்டும் தெருவில் முந்நூறு பேர் இருக்கிறார்கள் என்று வீட்டு வசதிப் பெண்ணே சொன்னாள். யானைப் பசிக்குச் சோளப் பொரி. அதை அவளிடமே சொன்னேன்.

"தெரியும் ஐயா. அடுத்த கட்டடத்துக்கு எழுதிப் போட்டிருக்கோம். இந்தத் தடவை ஒரு வருஷச் சான்று வேணும்ங்கறதை எடுங்கன்னும் சேத்து எழுதியிருக்கேன். உங்க கேஸைத்தான் உதாரணமாக் காட்டியிருக்கேன்."

"என் பேரைப் போட்டியா?"

"ஒரு குடியிருப்பாளர்னு போட்டேன்."

"பேரையே போடு. எப்படியும் ஊருக்கே தெரிஞ்சு போச்சு."

கும்பகர்ணியின் அறை மாடிப்படிக்குப் பக்கத்தில். ஓர் இரும்புக் கட்டில், ஒரு ஜன்னல், கை கழுவ ஒரு தொட்டி. என் தங்கச்சி ஜன்னல் எந்தத் திசை என்று பார்த்தாள், குழாயைத் திருகிப் பார்த்தாள். கும்பகர்ணி உள்ளே கால் வைத்ததும் கதவுக்குத்தான் போனாள். தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள்.

"நல்லா விழுதா?" என்றேன்.

"விழுது" என்றாள். பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "அக்கா, எட்டு மணிக்கு எனக்கு வேலை. இன்னிக்கு நான் தானா எந்திரிப்பேன்னு எனக்கே நம்பிக்கை இல்ல. ஆறு மணிக்கு யாராவது கதவைத் தட்டுவீங்களா?"

"அண்ணன் தட்டுவாரு. அவருக்கு வேற என்ன வேலை?" என்றாள் தங்கச்சி, என்னைக் கேட்காமலே.

கும்பகர்ணி என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "பலமாத் தட்டுங்க பெரியவரே" என்றாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. கட்டில் ஒரு தடவை கிறீச்சிட்டது. அவ்வளவுதான், அப்புறம் சத்தமே இல்லை.

தங்கச்சியை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, காவலாளியிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்து நடையில் போட்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் போயிருக்கும். பக்கத்து அறைக்குத் தச்சர் ஒருத்தர் வந்தார், தடித்த ஆள், தோளில் கருவிப் பை. சுத்தியலை எடுத்துக் கதவு நிலையில் ஓங்கினார்.

"இந்தாப்பா, நிறுத்து" என்றேன். "உள்ள ஆள் தூங்குது."

"பட்டப் பகல்ல யாருங்க தூங்கறது?"

"வேலைக்குப் போயிட்டு வந்த ஆள். பதினாலு மாசத் தூக்கம் பாக்கி."

அவர் மூடின கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எம்மாம் நேரம் ஆகும்?"

"ஆறு மணி வரைக்கும்."

தச்சர் சுத்தியலைப் பைக்குள் போட்டார். "அப்ப நான் கீழ போயி ஜன்னலுக்கு அளவு எடுத்துக்கிட்டு இருக்கேன்" என்று கிசுகிசுப்பாகச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.